செங்கமலராணியின் கைக்குழந்தை

என் அம்மாவுக்குத் தன்னைப் பெற்றவளின் முகம் தெரியாது. நம் வயதுக்காரர்கள் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. பிரசவத்தில் போனவர்கள், காலராவில் போனவர்கள், கப்பலேறித் திரும்பாதவர்கள் என்று மாலை போட ஒரு படம்கூட இல்லாமல் மறைந்தவர்கள் எல்லார் குடும்பத்திலும் உண்டு. ஆனால் என் அம்மாவைப் பெற்றவளின் முகத்தை ஊர் ஊராகச் சனங்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அவள் பெற்ற பிள்ளை மட்டும் பார்த்ததில்லை.

போன மாதம் என் மகன், பழைய படம் எதுவானாலும் போனில் கிடைக்கும், பேரைச் சொல்லுங்கள் என்றான். சொன்னேன். வெகுநேரம் தேடினான். பேசாத படக் காலத்தில் நம் பக்கம் எடுத்தவற்றில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை என்று எங்கோ படித்துச் சொன்னான். நான் சொன்ன பேர் தொலைந்துபோன படங்களோடுகூட எங்கேயும் இல்லையாம். அப்படி ஒரு படம் நிஜமாகவே இருந்ததா என்று கேட்டான். இருந்தது. அதைப் பார்த்தவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வாயால் கேட்டதை நான் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உங்களை உட்காரவைத்துப் பேசுகிறேன்.

உடும்பஞ்சோலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா ஏலக்காய் ஸ்டோருக்குப் பொறுப்பு. ஸ்டோர் என்றால் கடை இல்லை. காய் உலர்த்துகிற கட்டடம். ஒரு பக்கம் பெரிய அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய்களில் ஓடி அறை முழுக்கச் சுற்றி வரும். மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள், அவற்றில் பச்சைக் காய். ஏலக்காய் வாசனை என்றால் எல்லாரும் பாயசத்தை நினைக்கிறார்கள். பச்சைக் காய் சூடேறும்போது வருகிற வாசனை அது இல்லை. கண்ணில் நீர் வரவைக்கும், தொண்டையை அடைக்கும், தலையணை வரைக்கும் வரும். அம்மாவின் விரல்கள் காய் எடுத்து எடுத்துக் கறுத்திருக்கும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. சாப்பிடும்போது அவள் கையைப் பார்த்தால் அவள் கைபோலவே இருக்காது.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. கார்த்திகை முடிந்தும் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த மழையில்தான் உடும்பஞ்சோலைச் சந்தைத் திடலில் ஒரு டூரிங் கொட்டகை வந்து இறங்கியது. இரண்டு படம் ஓட்டியிருப்பார்கள், காற்று வந்து கூரைத் துணியைக் கிழித்துவிட்டது. கொட்டகைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். கொட்டகைக்கு விளம்பரம் சொல்கிறவர் எங்கள் ஸ்டோர் வாசலில் நனைந்துபோய் வந்து நின்றார். சட்டை காய்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா உள்ளே விட்டார். சட்டை காய்ந்தது, மழை விடவில்லை. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

நாங்கள் அவரைக் குழாய்க்காரர் என்போம். கையில் தகரத்தில் செய்த ஒரு பெரிய குழாய் வைத்திருப்பார். வாய் வைக்கிற பக்கம் குறுகி, மறுபக்கம் செம்பருத்திப் பூபோல விரிந்திருக்கும். பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது, உதடு படுகிற இடத்தில் மட்டும் தகரம் தெரியும். அதில் அவர் பேசினால் அடுத்த தோட்டத்தில் கேட்கும். நெடிய ஆள், கூன் விழுந்திருந்தது, வேட்டிக்கு மேலே கோட்டு. சாதாரணமாகப் பேசும்போதுகூட ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோலத்தான் பேசுவார்.

ஸ்டோரில் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். கொழுக்காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். அம்மாவும் அதில் இருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் முதுகில் சாய்ந்துகொண்டிருப்பேன். குழாய்க்காரர் சும்மா இருக்கமாட்டாமல் பெண்களுக்குப் பழைய படக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். படம் பேசாத காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதுதான் அவருடைய வேலையாக இருந்ததாம். படத்தில் ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள், இவர் ராஜாவாகவும் ராணியாகவும் குதிரையாகவும் சத்தம் கொடுப்பார். உங்களில் சிலருக்கு உங்கள் அப்பாக்கள் இதைச் சொல்லியிருக்கலாம். படம் பேச ஆரம்பித்ததும் அந்த வேலை போய்விட்டது. மிஞ்சியது தெருத் தெருவாக விளம்பரம் சொல்வதுதான்.

ஒரு நாள் மத்தியானம் அவர், “இன்னைக்குச் செங்கமலராணி” என்று தொடங்கினார்.

அம்மாவின் முதுகு என் கன்னத்தின் கீழே விறைத்தது. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் கை காய்க்குவியலிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பேர் அவளுக்குப் புதிது இல்லை. அம்மா போடியில் தன் தாய்மாமா வீட்டில் வளர்ந்தவள். சிறு பிள்ளையாகத் தண்ணீருக்குப் போகும்போது கிணற்றடியில் பெண்கள், “செங்கமலராணி மக வந்துட்டா, வழி விடுங்க” என்று சிரிப்பார்களாம். தான் மிடுக்காக நடப்பதைக் கேலி செய்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒரு தடவை வீட்டுக்கு வந்து, செங்கமலராணி யார் என்று மாமாவைக் கேட்டாள். பதிலாகக் கன்னத்தில் அறை விழுந்தது. மாமா அவளைக் கை நீட்டி அடித்தது அது ஒன்றுதான். பெற்றவளைப் பற்றி அவர் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான்: புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து உன்னைப் பெற்றாள், பெற்ற கையோடு உன்னை இங்கே போட்டுவிட்டு நாடகக் கம்பெனியோடு ஓடிவிட்டாள், ஓடின இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள்.

போட்டுவிட்டு ஓடினவளின் மகள் என்பதை அம்மா உடம்பில் ஒரு குறையைப்போலச் சுமந்துகொண்டிருந்தாள். எங்களை ஒரு நாளும் அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகமாட்டாள். காய் எடுக்கப் போகிற இடத்துக்குக்கூட, காய்ச்சலோடு இருந்த என் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு போனவள். அதெல்லாம் எதனால் என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழாய்க்காரர் கதையைச் சொன்னார். ஊர் ஊராக நடந்த நாடகம்தான், பிறகு படமாக எடுத்தார்கள். செய்யாத குற்றத்துக்காக ராஜா தன் ராணியைக் கைக்குழந்தையோடு காட்டுக்குத் துரத்திவிடுகிறார். அவள் ஆறும் மலையும் தாண்டி அலைகிறாள். கடைசியில் ராஜா உண்மை தெரிந்து தேடி வருகிறார். நாடகத்தில் ராணி ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாடுகிற பாட்டுக்காகவே சனங்கள் திரும்பத் திரும்ப வருவார்களாம். அப்படிக் குரலுக்குப் பேர் போனவளைக் குரலே வராத படத்தில் பிடித்தார்கள் என்றார் அவர். பிறகு யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

“நாடகத்துல மரப்பொம்மைதான். துணியில சுத்தி வச்சுக்குவாக. படம் புடிக்கிற மிசின்ல மரப்பொம்மை மரப்பொம்மையாவேதான் தெரியும்னு சொல்லிட்டாக. அதுனால அந்தம்மா தான் பெத்த பிள்ளையவே கையில வச்சிக்கிட்டு நடிச்சாக. பால்குடி மறக்காத பொம்பளப் பிள்ளை. கம்பெனி போற ஊருக்கெல்லாம் இடுப்புல தூக்கிக்கிட்டே போவாகளாம்.”

ஆற்றங்கரையில் ராணி அழ வேண்டும். ஆனால் மிஷின் ஓடுகிற சத்தத்தில் மிரண்டு குழந்தை வீறிட்டிருக்கிறது. அவள் மிஷினையும் மறந்தாள், கதையையும் மறந்தாள். எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். பிலிம் வீணாகுமே என்று அதையும் படத்திலேயே விட்டுவிட்டார்கள். திரையில் ராணியின் முதுகு தெரியும், தோளுக்கு மேலே குழந்தையின் முகம் மட்டும் கொட்டகையைப் பார்த்து அழும். சத்தமே இல்லாமல் அழும். அந்த இடம் வந்தால் தானும் வாயைத் திறப்பதில்லை, பெண்கள் பக்கம் எல்லாரும் முந்தானையை எடுத்துவிடுவார்கள் என்றார் குழாய்க்காரர்.

மற்றப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் அம்மா காத்திருந்தாள். போன பிறகு அவரிடம் கேட்டாள். “அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது தாயி. இருந்தா உங்க வயசு இருக்கும்.”

“நானாத்தான் இருக்கும்” என்றாள் அம்மா.

அவர் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டார், ஏதோ பெரிய மனிதர் முன்னால் நிற்பதுபோல. அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான். அவள் முகம் எப்படி இருக்கும்?

அவர் அதற்கு எளிதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உங்களை உரித்து வைத்த மாதிரி என்று சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாள். அவர் சொன்னது இது:

“நான் நின்ன இடம் திரைக்கு ஓரம் தாயி. அங்கருந்து பாத்தா எந்த முகமும் நேரா தெரியாது. இழுத்து விட்ட மாதிரி நீளமா, கோணலாத் தெரியும். அத்தனை நாள் பக்கத்துலயே நின்னேன். அந்தம்மா முகத்தை முழுசா ஒரு நாள்கூட பாக்கல.”

படம் எங்கே இருக்கும் என்று கேட்டாள். பேசும் படம் வந்ததும் பழைய சுருளை யாரும் சீண்டவில்லை, முதலாளி எல்லாவற்றையும் எடை போட்டு பிலிமில் வளையல் செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார், அவர்கள் அதைச் சுரண்டிக் கழுவி உருக்கிவிட்டார்கள் என்றார். அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அவள் போட்டிருந்தது கண்ணாடி வளையல்.

அப்பாவுக்கு அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அம்மாவைக் கட்டிக்கொடுக்கும்போதே, பெற்றவள் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்று மாமா அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தார். குழாய்க்காரர் கேட்கிறவள் முகத்தைப் பார்த்துக் கதையை வளைக்கிறார், சோற்றுக்கும் சூட்டுக்கும் ஆசைப்பட்டு இல்லாத குழந்தையை உண்டாக்கிவிட்டார் என்று அப்பா தீர்த்துச் சொன்னார். மறுநாள் காலையில் மழை கொஞ்சம் வெளுத்திருந்தது. அப்பா அவரைப் போகச் சொல்லிவிட்டார். குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஏலச்செடிகளுக்கு நடுவே இறங்கிப் போனதைப் பார்த்தேன். அம்மா அவரைத் தடுக்கவில்லை. அப்பாவோடு சண்டையும் போடவில்லை. பொய்யா நிஜமா என்று மாமாவிடமே கேட்டுவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அப்பா போடிக்குக் காய் மூட்டை ஏற்றிப் போகிற ஜீப்பில் எங்களுக்கு இடம் சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி அப்பாவோடு இருந்துகொண்டான். அவனை அவள் விட்டுவிட்டு வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போனோம். போடிமெட்டில் செக்போஸ்டில் ஜீப்பை நிறுத்தினார்கள். அதுவரைக்கும் கம்பளி போர்த்தியிருந்தோம். வளைவு வளைவாக இறங்க இறங்கக் காது அடைத்தது, கம்பளி கழன்றது, காய்ந்த மண்ணின் மணம் வந்தது. மழை மலைக்கு மேலேயே நின்றுவிட்டிருந்தது. கீழே வெயில் சுள்ளென்று அடித்தது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அந்த வெயில் எப்போதும் பிடிக்கும். அம்மா அன்று கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

அம்மாவின் மாமா ஏலக்காய் வியாபாரம் செய்தவர். ஊரில் நல்ல மதிப்பு. நெற்றி நிறைய திருநீறு, கஞ்சி போட்ட வேட்டி, குரலை உயர்த்தாத பேச்சு. மனைவி தவறிப்போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகன்கள் கடையைப் பார்த்துக்கொண்டார்கள். எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். மருமகளை அழைத்து இலை போடச் சொன்னார். எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். அம்மா உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

“செங்கமலராணி கையில இருந்த பிள்ளை நானா மாமா?”

அவர் மறுபடியும் அடித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “ஆமா” என்றார்.

பிறகு அவரே சொன்னார். அவர் முகத்தில் குற்றம் செய்தவரின் களை இல்லை. சரியானதைச் செய்துவிட்டு இத்தனை காலம் விளக்கம் சொல்லாமல் இருந்தவர்போலத்தான் சொன்னார். தங்கை பிள்ளையைப் போட்டுவிட்டு ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினாள். படம் எடுத்து முடிந்த பிறகு கம்பெனி சிலோனுக்குக் கப்பல் ஏறியது. கைக்குழந்தையாக இருந்த அம்மாவுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. அந்த உடம்போடு கப்பலில் விடமாட்டார்கள். சில மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அண்ணன் காலில் விழுந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவள் அக்கரையில் இருக்கும்போது படம் போடிக்கு வந்தது. ஊரே பார்த்தது. வீட்டில் விளையாடுகிற பிள்ளை திரையில் கூத்தாடி கையில் அழுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் மனைவியின் தங்கைக்குப் பேசியிருந்த கல்யாணம்கூட நின்றுபோனதாம். தங்கை திரும்பி வந்து வாசலில் நின்றபோது அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

“எத்தன நேரம் நின்னாக?” என்று அம்மா கேட்டாள்.

“வெயில் சாயுற வரைக்கும். பெறகு போயிட்டா. மறுபடி சிலோனுக்கே போயி அங்கதான் காய்ச்சல்ல செத்தா.”

“நான் எங்க இருந்தேன்?”

“உள்ள, உங்கத்தை மடியில. அவ குரல் கேட்டு நீ அழுத.”

அம்மா தூணை விட்டுவிட்டாள். மாமா அவளிடம், உன்னை ஒரு கௌரவமான குடும்பத்தில் கட்டிக்கொடுக்க முடிந்தது என்றால் அது அந்தக் கதவால்தான், அவளோடு போயிருந்தால் நீ என்னவாக இருந்திருப்பாய் என்று கேட்டார். அம்மா குரலை உயர்த்தவில்லை. “எங்கம்மா மகளா இருந்திருப்பேன்” என்றாள்.

 இலை போட்டாயிற்று என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா கடைசியாக அவரிடம் கேட்டாள்: படத்தை நீங்கள் பார்த்தீர்களா, அவள் முகம் எப்படி இருக்கும்? அவர் எழுந்து முற்றத்துப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டு, பார்த்தேன், எல்லாம் மறந்துவிட்டது என்றார். நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். கொய்யாப்பழத்தை நான் அங்கேயே வைத்துவிட்டேன். அம்மா சொல்லவில்லை, எனக்கே அப்படித் தோன்றியது.

மேலே வந்த பிறகு அம்மா அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். குழாய்க்காரர் பொய் சொல்லவில்லை என்பதை அப்பா ஒத்துக்கொண்டார். அவரைத் தேடி உடும்பஞ்சோலைக்கு நடந்தார். திடலில் கம்பு நட்ட குழிகளில் தண்ணீர் நின்றது. கொட்டகை எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அதற்குப் பிறகு வேறு ஊர் ஆட்கள் வரும்போதெல்லாம் பச்சைக் குழாய் வைத்திருக்கிற நெட்டையான ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்பார். அவரை நாங்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அப்பா சவரம் செய்கிற கண்ணாடி சுவரில் தொங்கும். அம்மா அதற்கு நேரே முகத்தைக் காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி ஓரக்கண்ணால் பார்ப்பாள். கண்ணில் தூசி விழுந்திருக்கிறது என்று நினைத்து நான் ஊதட்டுமா என்று கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று தலையாட்டுவாள். திரைக்கு ஓரம் நின்றவர் பார்த்த கோணல் முகத்தைத்தான் அவள் அங்கே தேடினாள் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

வேறொரு மாற்றமும் இருந்தது, அதைத் தோட்டத்தில் எல்லாருமே கவனித்தார்கள். அம்மா எங்களை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரியிடம், சாயங்காலம் வந்துவிடுவேன், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போவாள். முதல் தடவை தம்பி அழுதான். அவள் திரும்பி வந்து, “வந்துருவேன்டா, வந்துட்டேன்னா கதவத் தொற, சரியா?” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

சித்திரையில் மலை காய்ந்திருந்தபோது ஒரு நாள் முற்பகலில் மாமா வந்தார். அம்மாவைக் கட்டிக்கொடுத்ததிலிருந்து அவர் ஒரு தடவைகூட மலைக்கு வந்ததில்லை. ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்கி, தோட்டத்துக்குள் அத்தனை ஏற்றத்தையும் தனியாக நடந்து வந்திருந்தார். நெஞ்சு சளி கட்டி மூச்சு வாங்கியது. வேட்டியில் செம்மண். லயத்து வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, கூடவே கொண்டுவந்த பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். அப்பா ஸ்டோரிலிருந்து வந்து தள்ளி நின்றார்.

“மறந்துட்டேன்னு சொன்னேன்ல” என்றார் மாமா. “மறக்கல.”

அம்மா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல், எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கொட்டகை போடியில் இருந்த வரைக்கும் அவர் தினமும் போயிருக்கிறார். பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்து ஊர்ச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, மணலில் உட்காருகிற சனத்தோடு கடைசியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மனைவிக்குக்கூடத் தெரியாது. அம்மா ஏன் என்று கேட்டாள்.

“எந் தங்கச்சியப் பாக்கத்தான்.”

அகலமான நெற்றி என்றார். இடது புருவம் நடுவில் அறுந்திருக்கும். சின்ன வயதில் புளியமரத்து ஊஞ்சலில் அவர் வேகமாகத் தள்ளிவிட்டு, அவள் விழுந்து கல்லில் பட்ட காயம். மாவைப் பூசி மறைத்திருந்தார்கள், ஆனால் திரையில் முகம் பெரிதாக வரும்போது அவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது. கண் பெரிய கண் இல்லை. சிரித்தால் காணாமல் போய்விடும். காது கொஞ்சம் வெளியே நிற்கும், ராணி கிரீடத்தை வைத்து அதைக்கூட மறைக்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது அவர் தன்னை அறியாமல் தன் காதைத் தொட்டார். அம்மாவும் தன் காதைத் தொட்டாள்.

ஆற்றங்கரை வந்தது. குழாய்க்காரர் சொன்னதைத்தான் அவரும் சொன்னார், முதுகைக் காட்டித் திரும்பியது வரைக்கும். அதற்கு மேலும் கொஞ்சம் படம் இருந்திருக்கிறது.

“பிள்ளை அழுகைய நிறுத்துன ஒடனே அவ இந்தப் பக்கம் திரும்புவா. நேரா பாத்துச் சிரிப்பா. ராணி சிரிக்கிற எடமா அது? கதை சொல்றவன், ‘ஐயோ, ராணிக்குச் சித்தம் கலங்கிருச்சே’ன்னு குழாய்ல கத்துவான். சனமெல்லாம் அழும். சித்தமும் கலங்கல, ஒண்ணும் கலங்கல. பிள்ளை சமாதானமாச்சேன்னு சிரிச்சா. அம்புட்டுத்தான். அத்தன சனத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் அது தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் கதவச் சாத்துனேன், ஆத்தா.”

அவர் அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா அழவில்லை. அவள் கீழுதட்டை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்ப்பதுபோல. அவர் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷம்தான் இருந்தார். அம்மா அவரை மன்னித்தாளா என்று என் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. கடைசி நாட்களில் போடிக்குப் போய் அவருக்குக் கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்தாள் என்பது தெரியும். அவரோடு அவள் பேசியதெல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான் என்று அவருடைய மருமகள் சொன்னாள். தான் வாழ்ந்த வரைக்கும் அம்மா அந்தக் கதையை எங்களுக்குச் சொன்னாள், பிறகு எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னாள்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அந்தச் சித்திரை மாதத்து முற்பகலைத்தான். மாமா சொல்லி முடித்து, இனி ஒன்றும் இல்லை என்பதுபோலக் கையை விரித்தார். பையைத் திறந்து எங்களுக்கு வாங்கிவந்த மிட்டாயை எடுக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மொதல்லருந்து சொல்லுங்க மாமா” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அப்பா பெஞ்சின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார். தம்பி அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பித்தார்.